யூவி: லைப்ரரி எழுதுகிறவரின் மேசையிலிருந்து ஒரு மதிப்புரை

பிறருக்குக் கொடுக்கப்போகும் பைத்தான் லைப்ரரி ஒன்றை, அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பை, எழுத உட்காருகிறவர், தன் கணினியில் வேலைச்சூழலை எதை வைத்து அமைக்கலாம் என்று கேட்டால், தயங்காமல் யூவி (uv) என்ற கருவியைத்தான் சொல்வேன். அதைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைச் சொல்கிறார்கள். எனக்கு வேகம் இரண்டாவது. நான் எழுதியது என் மேசையில் ஓடுகிறதா என்பதை எந்தக் கருவியும் காட்டிவிடும். முன்பின் தெரியாத ஒருவர் வேறொரு கணினியில் அதை நிறுவினால் ஓடுமா என்பதை, இருந்த இடத்திலிருந்தே பார்த்துவிட யூவி வழிசெய்கிறது. லைப்ரரி எழுதுகிறவருக்கு அதுதான் உயிர்நிலை.

நான் மண்ணடியில், லிங்கிச் செட்டித் தெருவில் இருக்கும் ஒரு சுங்கக் கிளியரிங் அலுவலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறேன். சென்னைத் துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றிலும் இறங்கும் பெட்டிகளுக்கு நாங்கள் ஆவணம் தாக்கல் செய்கிறோம். பெட்டி என்றால் எங்கள் தொழிலில் கன்டெய்னர். ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் எழுதியிருக்கும். முதல் மூன்று எழுத்து உரிமையாளரைக் குறிக்கும். நான்காவது பெரும்பாலும் யூ என்றிருக்கும். அடுத்த ஆறு இலக்கம் தொடர் எண். கடைசி இலக்கம் மட்டும் தனி ஜாதி: அதற்கு முன்னால் இருக்கும் பத்தையும் வைத்துக் கணக்கிட்டு எடுக்கும் சரிபார்ப்பு இலக்கம். ஐஎஸ்ஓ 6346 என்ற தரம் இதை வகுத்திருக்கிறது.

கணக்கு அழகானது. ஏ என்றால் 10. பி என்றால் 12, ஏனென்றால் 11-இன் மடங்குகளைத் தாண்டிவிட வேண்டும். இப்படியே போய் இஸட் 38-இல் முடியும். ஒவ்வொரு இடத்தின் மதிப்பையும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11-ஆல் வகுத்தால் மீதிதான் கடைசி இலக்கம். சி எஸ் கியூ யூ 305438 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. ஆகவே கதவில் 3054383 என்று இருக்க வேண்டும். கேட்டில் உட்கார்ந்திருப்பவர் கடைசி இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி 3054338 என்று தட்டிவிட்டால், மீதி 6 வரும், 8 வராது. தவறு அங்கேயே பிடிபடும். பிடிபடாமல், சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி வரை போய்விட்டால், திருத்தம் முடியும்வரை பெட்டி யார்டில் நிற்கும், வாடகை ஏறும், டிரெய்லர் ஓட்டுநர் சாலையோரத்தில் காத்துக் கிடப்பார்.

இந்தச் சிறு கணக்கு எங்கள் அலுவலகத்தில் மூன்று இடங்களில் எழுதப்பட்டிருந்தது: கேட் பதிவில் ஒன்று, பில்லிங்கில் ஒன்று, கப்பல் கம்பெனிகள் அனுப்பும் எக்செல் பட்டியலைப் படிக்கும் நிரலில் ஒன்று. மீதி 10 வந்தால் 0 என்று கொள்ள வேண்டும் என்பது விதி. இரண்டு நிரல் அப்படிச் செய்தன, மூன்றாவது அந்தப் பெட்டியையே ஏற்க மறுத்தது. ஒரே பெட்டி கேட்டில் செல்லும், பில்லில் செல்லாது. ஆகவே மூன்றையும் ஒன்றாக்கி, எந்த நிரலும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு லைப்ரரியாக எழுத முடிவெடுத்தோம். அதற்கான சூழலை யூவியில் அமைத்தேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

யூவியை ஆஸ்ட்ரல் என்ற நிறுவனம் ரஸ்ட் மொழியில் எழுதி 2024 பிப்ரவரியில் வெளியிட்டது. பைத்தான் நிரலைத் திருத்தும் ரஃப் என்ற கருவியும் அவர்களுடையதுதான். யூவி முதலில், பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பைப் என்ற கருவிக்கு மாற்றாக வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் திட்ட நிர்வாகம், பைத்தானையே நிறுவிக் கொடுப்பது எல்லாம் சேர்ந்துகொண்டன. காசு கிடையாது, எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைக்கிறது. ஒரே ஒரு நிரல்கோப்பு. அதை நிறுவ முன்னதாகப் பைத்தான் இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தின் அருமை பழைய முறையில் உழன்றவர்களுக்குத்தான் தெரியும். முன்பெல்லாம் பைத்தான் பதிப்புகளை வைத்துக்கொள்ளப் பைஎன்வ், ஒரு திட்டத்தின் பேக்கேஜ்களைத் தனியே வைக்கும் சூழலுக்கு வென்வ், நிறுவுவதற்குப் பைப், பேக்கேஜ் கட்டுவதற்கு ஒன்று, பைபிஐ என்ற பொதுக் கிடங்கில் ஏற்றுவதற்கு ட்வைன் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்க வேண்டும். பைஎன்வ் பைத்தானை மூலநிரலிலிருந்து நம் கணினியிலேயே கட்டும். பழைய மடிக்கணினியில் அது ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு எதுவும் செய்ய முடியாது. நடுவில், கட்டுவதற்கு வேண்டிய ஓபன்எஸ்எஸ்எல் என்ற லைப்ரரியின் தலைப்புக் கோப்பு இல்லை என்று நின்றுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. யூவி ஏற்கெனவே கட்டி வைத்த பைத்தானை இறக்கிக் கொடுத்துவிடுகிறது. உபுண்டுவில் 23.04 பதிப்பு முதல், கணினியின் சொந்தப் பைத்தானுக்குள் பைப் எதையும் நிறுவ மறுக்கிறது. அது நல்ல கட்டுப்பாடு. ஆனால் புதிதாக வருகிறவர்கள் அந்தச் செய்தியைக் கண்டதும், கட்டுப்பாட்டை உடைக்கும் ஆப்ஷனை எங்கிருந்தோ பார்த்து எழுதிவிடுகிறார்கள். யூவியோடு தொடங்குகிறவருக்கு அந்த வாசலே எதிர்ப்படாது.

'யூவி இனிட்' கட்டளையோடு 'லிப்' ஆப்ஷனைக் கொடுத்தால் லைப்ரரிக்கான ஃபோல்டர் அமைப்பு உருவாகிறது. நிரல் நேரடியாக மேல் ஃபோல்டரில் இருக்காது, எஸ்ஆர்சி என்ற ஃபோல்டருக்குள் போகும். இது வெறும் ஒழுங்குக்காக இல்லை. பைத்தான் நாம் நிற்கும் ஃபோல்டரிலேயே முதலில் தேடும் பழக்கம் உடையது. நிரல் மேலேயே கிடந்தால், எதையும் நிறுவாமலே அது கண்ணில் பட்டுவிடும், சோதனையும் தேறிவிடும். எஸ்ஆர்சிக்குள் இருந்தால், நிறுவினால்தான் கிடைக்கும். டைப் குறிப்புகள் உண்டு என்று பயன்படுத்துகிறவரின் எடிட்டருக்குச் சொல்லும் 'பை.டைப்ட்' என்ற வெற்றுக் கோப்பையும் அதுவே வைத்துவிடுகிறது. பலர் மறந்துவிடும் கோப்பு அது. அடுத்து 'யூவி சிங்க்' என்றால் சூழல் தயார். நம் லைப்ரரி எடிட்டபிள் முறையில் அதற்குள் நிறுவப்பட்டிருக்கும். நிரலில் ஒரு வரி மாற்றினால் மறுபடி நிறுவ வேண்டியதில்லை.

இந்த எடிட்டபிள் முறையின் வசதியே லைப்ரரி எழுதுகிறவரை ஏமாற்றவும் செய்யும். எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என்னோடு வேலை செய்யும் இளைஞர், காசிமேட்டுப் பையன், நல்ல உழைப்பாளி. உரிமையாளர் குறியீட்டுப் பட்டியலை ஒரு சிஎஸ்வி கோப்பில் வைத்து, குறியீட்டைக் கொடுத்தால் கம்பெனிப் பெயர் வரும்படி எழுதினார். கோப்பை மேல் ஃபோல்டரில் 'டேட்டா' என்று தனியாக வைத்து, நிரல் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு படி மேலே ஏறி அதை எடுக்கும்படி செய்திருந்தார்.

"அக்கா, எல்லாச் சோதனையும் தேறிவிட்டது, வெளியிடலாமா?" என்றார்.

"வீலைக் கட்டி அதற்கு ஒரு சோதனை ஓட்டு, தம்பி" என்றேன்.

வீல் என்பது பயன்படுத்துகிறவர் கையில் போய்ச்சேரும் பொதி. 'யூவி பில்ட்' முதலில் மூலப்பொதியைக் கட்டி, பிறகு அந்த மூலப்பொதியிலிருந்து வீலைக் கட்டுகிறது. நம் ஃபோல்டரில் மட்டும் கிடந்து பொதியில் ஏறாமல் போன கோப்பு இந்த வழியில் ஒளிந்துகொள்ள முடியாது. பிறகு 'யூவி ரன்' கட்டளையில் 'ஐசொலேட்டட்', 'நோ-புராஜெக்ட்' என்ற இரண்டு ஆப்ஷனையும் கொடுத்து, 'வித்' என்பதன் பின்னால் அந்த வீலையும், சோதனைகளை ஓட்டும் பைடெஸ்ட்டையும் குறித்தால், தற்காலிகச் சூழல் ஒன்று உருவாகி, அதில் வீல் மட்டும் நிறுவப்பட்டு, சோதனை ஓடும். ஓடியது. கோப்பு இல்லை என்று சிவப்பு எழுத்தில் நின்றது. வீலில் நிறுவியபோது, இரண்டு படி மேலே ஏறினால் பைத்தானின் சொந்த ஃபோல்டர்தான் வருகிறது. அங்கே எங்கள் பட்டியல் எங்கிருந்து வரும்? அந்தக் கோப்பை எஸ்ஆர்சிக்குள் பேக்கேஜின் உள்ளேயே நகர்த்தி, பைத்தானோடே வரும் 'இம்போர்ட்லிப்.ரிசோர்சஸ்' வழியாகப் படிக்கும்படி அவரே மாற்றினார். யூவியின் சொந்தக் கட்டும் பின்புலம், அதாவது பொதியைக் கட்டித் தரும் பகுதி, பேக்கேஜ் ஃபோல்டருக்குள் இருப்பதை எல்லாம் பொதியில் சேர்த்துவிடுவதால் வேறு எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சோதனையைப் பழைய முறையிலும் செய்யலாம். தனியே ஒரு வென்வ் உருவாக்கி, அதற்குள் நுழைந்து, வீலை நிறுவி, பைடெஸ்ட்டை நிறுவி, ஓட்டி, வெளியே வந்து, அழித்து. எத்தனை பேர் ஒவ்வொரு முறையும் செய்வார்கள்? இங்கே ஒரு வரி, கண்மூடித் திறப்பதற்குள் முடிகிறது, அதனால் செய்கிறோம். வேகத்தின் பயனை நான் இங்கேதான் காண்கிறேன். பைப்பைவிட 10 முதல் 100 மடங்கு என்று தயாரித்தவர்கள் சொல்கிறார்கள். எங்கள் சின்ன லைப்ரரியில் அந்த எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை. சலிப்பில்லாமல் சோதிக்க முடிகிறதே, அதற்குப் பொருள் உண்டு.

இன்னொரு பெரிய நன்மை, பைத்தான் பதிப்புகள். எங்கள் வாடிக்கையாளரின் மணலி யார்டில் இருக்கும் சர்வர் உபுண்டு 22.04, அதனோடு வருவது பைத்தான் 3.10. என் மேசையில் 3.13. அமைப்புக் கோப்பைப் படிக்க 'டோம்ல்லிப்' என்று பைத்தானோடே வரும் தொகுதியை இம்போர்ட் செய்தால் என்னிடம் அழகாக ஓடும், மணலியில் முதல் வரியிலேயே விழும், அது 3.11-இல்தான் வந்தது. 'யூவி ரன்', 'ஐசொலேட்டட்', 'பைத்தான் 3.10', 'பைடெஸ்ட்' என்று ஒரே வரி. 3.10 கணினியில் இல்லையென்றால் அதையும் இறக்கிக்கொண்டு சோதனையை ஓட்டிக் காட்டிவிடும். 'ஐசொலேட்டட்' என்பதை விட்டுவிட்டால், நாம் வேலை செய்துகொண்டிருக்கும் சூழலையே 3.10-க்கு மாற்றிக் கட்டிவிடும். அந்தச் சொல்லை விடாமல் போடுங்கள்.

இப்போது, யூவி தானாகச் செய்வதில் லைப்ரரிக்குப் பொருந்தாத இரண்டு விஷயம். இவை செயலிக்குச் சரியானவை, லைப்ரரிக்கு அல்ல.

முதலாவது, இனிட் செய்யும்போது நம் கணினியில் கண்ட பைத்தான் பதிப்பையே குறைந்தபட்சத் தேவையாக எழுதிவிடும். என்னிடம் 3.13 என்பதற்காக மணலியில் இருப்பவர் ஏன் நிறுவ முடியாமல் போக வேண்டும்? திட்டத்தின் விவரங்கள் இருக்கும் பைபிராஜெக்ட் கோப்பைத் திறந்து, யாரெல்லாம் பயன்படுத்தப்போகிறார்கள் என்று யோசித்து, கையாலே இறக்கி எழுத வேண்டும். 3.10-க்குப் பாதுகாப்புத் திருத்தம் 2026 அக்டோபர் வரைதான் என்பதையும் கணக்கில் கொண்டுதான் நாங்கள் அந்த எல்லையை வைத்தோம்.

இரண்டாவது இதைவிட முக்கியம். 'யூவி ஆட்' என்று ஒரு சார்பு பேக்கேஜை, அதாவது நம் லைப்ரரி ஓடுவதற்குத் தேவைப்படும் பேக்கேஜை, சேர்த்தால், அன்றைக்குப் புதிதாக இருக்கும் பதிப்பைக் கீழ் எல்லையாக எழுதுகிறது. செயலிக்கு அதனால் நட்டமில்லை. லைப்ரரிக்கு உண்டு. என் லைப்ரரி எக்செல் படிக்க ஓபன்பைஎக்செல்லைப் பயன்படுத்துகிறது. அதன் பழைய பதிப்பே எனக்குப் போதும். ஆனால் இன்றைய பதிப்புதான் வேண்டும் என்று கோப்பில் இருந்தால், வேறு காரணத்துக்காகப் பழையதை வைத்திருக்கும் பில்லிங் நிரல் என் லைப்ரரியை ஏற்க முடியாது. இருவரும் ஒரே சூழலில் குடியிருக்க வேண்டியவர்கள். ஆகவே உண்மையில் எந்தப் பதிப்பு முதல் வேலை செய்யும் என்று பார்த்து அதை எழுத வேண்டும். அதைப் பார்க்கவும் யூவியிலேயே வழி இருக்கிறது: 'ரெசல்யூஷன்' ஆப்ஷனுக்கு 'லோயஸ்ட்-டைரக்ட்' என்று மதிப்புக் கொடுத்தால், நாம் நேரடியாகக் கேட்ட பேக்கேஜ்களை நாம் அனுமதித்ததில் மிகப் பழைய பதிப்பில் நிறுவிச் சோதனையை ஓட்டும். எழுதிய வாக்குறுதி மெய்யா என்று அப்போதே தெரிந்துவிடும். இதை ஃபோல்டரின் நகல் ஒன்றில் செய்யுங்கள், ஏனென்றால் எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்று குறித்துவைக்கும் லாக் கோப்பு திருத்தி எழுதப்படும்.

லாக் கோப்பைப் பற்றிக் கேட்கிறவர்கள் பலர். லைப்ரரிக்கு லாக் எதற்கு, அது பொதியில் போகாதே என்று. போகாதுதான். அது நமக்கானது: விண்டோஸ் வைத்திருக்கும் அந்தத் தம்பியும், உபுண்டு வைத்திருக்கும் நானும் ஒரே பதிப்புகளில் வேலை செய்ய. யூவியின் லாக் எல்லா இயங்குதளத்துக்கும், நாம் அறிவித்த எல்லாப் பைத்தான் பதிப்புக்கும் சேர்த்து ஒரே கோப்பாக எழுதப்படுகிறது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் அதைச் சேர்த்துவிடுங்கள். சோதனைக் கருவிகளை 'டெவ்' என்ற தனிக் குழுவாக யூவி எழுதுவதும் நல்ல ஏற்பாடு. 2024-இல் ஏற்கப்பட்ட பெப் 735 என்ற பொதுத் தரத்தின்படி அமைந்தது அது. பைடெஸ்ட்டும் ரஃப்பும் அங்கே இருக்கும். நம் லைப்ரரியை நிறுவுகிறவர் கணினியில் போய் இறங்காது.

சார்புகள் ஒன்றோடொன்று மோதினால் யூவி தரும் விளக்கம் படிக்கத் தகுந்தது. இது இதைக் கேட்கிறது, அது அதைக் கேட்கிறது, ஆகவே இரண்டும் சேராது என்று காரணத்தைக் கோவையாக அடுக்கி வைக்கிறது. புதிதாக வருகிறவரிடம் அதை வாசித்துப் பார்க்கச் சொல்லலாம்.

நான் திருவொற்றியூரில் இருக்கிறேன். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் மின்சாரமும் இணையமும் கைகோத்துப் போகும். ஒருமுறை இறக்கிய பேக்கேஜை யூவி தன் சேமிப்பில் வைத்துக்கொள்வதால், சூழல் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டு 'ஆஃப்லைன்' ஆப்ஷனோடு மறுபடி கட்டினாலும் நொடிகளில் வந்துவிடுகிறது, செல்பேசியின் டேட்டாவைத் தொட வேண்டியதில்லை. சேமிப்பும் திட்டமும் ஒரே வட்டில் இருந்தால் இடமும் மிச்சம். திட்டத்தை வேறு வட்டில் வைத்தால் முழு நகல் எடுக்கும், அப்போது அந்த மிச்சம் கிடையாது.

புதியவர்களுக்குச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று. யூவி கட்டும் சூழலுக்குள் பைப் இருக்காது. சூழலுக்குள் நுழைந்து பழக்கத்தில் பைப் என்று தட்டினால், அது கணினியின் வேறு பைப்பாகப் போய்விடலாம். 'யூவி பைப்' என்று ஒன்று உண்டு, ஆனால் அதில் நிறுவியது பைபிராஜெக்ட் கோப்பில் பதிவாகாது. அடுத்த சிங்க் அதை எடுத்து எறிந்துவிடும். சேர்ப்பதெல்லாம் 'ஆட்' வழியாக என்று முதல் நாளே சொல்லிவிடுவது நலம்.

சி அல்லது ரஸ்ட் கலந்து எழுதும் லைப்ரரிக்கு யூவியின் சொந்தக் கட்டும் பின்புலம் ஆகாது. அது தூய பைத்தானுக்கு மட்டும். அதற்கென்றே உள்ள மேட்டூரின், சைகிட்-பில்ட்-கோர் போன்ற பின்புலங்களைப் பைபிராஜெக்ட்டில் குறித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் யூவியிலேயே செய்யலாம்.

ஒரு தனி நிறுவனத்தின் கருவியை நம்பி இறங்கலாமா என்ற கேள்வி நியாயமானது, நானும் அதை எடைபோட்டுத்தான் இறங்கினேன். உரிமம் திறந்தது, யாரும் எடுத்துத் தொடரலாம். அதைவிட எனக்குத் தைரியம் தருவது பைபிராஜெக்ட் கோப்பு. பேக்கேஜின் பெயர், பதிப்பு, சார்புகள் எல்லாம் பெப் 621 தரப்படி இருக்கின்றன. நாளை யூவி வேண்டாம் என்றால், அதே கோப்பைப் பைப் படிக்கும். லாக் கோப்பு மட்டும் யூவிக்கே உரியது. அதை விட்டுவிட்டால் லைப்ரரிக்கு ஒன்றும் ஆகாது.

குறை என்று நான் சொல்வது ஒன்றுதான். 3.10 முதல் 3.14 வரை எல்லாப் பதிப்பிலும் வரிசையாகச் சோதனை ஓட்ட ஒரே கட்டளை யூவியில் இல்லை. ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டும், அல்லது நாக்ஸ் என்ற கருவியைச் சேர்க்க வேண்டும். நாங்கள் நாக்ஸைச் சேர்த்து, அது சூழல்களைக் கட்டும் கருவியாக யூவியையே குறித்திருக்கிறோம். வெளியீட்டுக்கு முன்னால் அந்தத் தம்பி அதை ஓட்டி, ஐந்து வரிசையும் பச்சையாக வந்த பிறகுதான் வீலை மணலிக்கு அனுப்புகிறார்.